அறுபது பேரில் ஒருத்தி

"பெரியவ என்ன பண்றா?" என்று மதுரையிலிருந்து யாராவது போனில் கேட்டால், "ஸ்கூல்ல டிரில் டீம்ல இருக்கா" என்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யோசனை ஓடும். "என்.சி.சி. மாதிரியா?" என்பார் சித்தப்பா. டான்ஸ்தான் என்று விளக்கினால், "அப்ப பரதநாட்டியத்தை விட்டுட்டாளா?" என்று கவலை வேறு பக்கம் திரும்பும். அமெரிக்கப் பள்ளி, டான்ஸ் என்று சேர்த்துச் சொன்னதும் நம்மவர்களுக்குக் கண்முன் வருவது சியர்லீடர்தான். அதற்குமேல் அவர்கள் எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதிலேயே எல்லாம் இருக்கும்.

ஆகவே ஒருமுறை உட்கார்ந்து முழுசாக எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே காலின் கவுண்டியில். இந்த ஊரில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்). கல்லூரி ஆட்டம் இல்லை, பள்ளிக்கூடப் பையன்கள் ஆடும் ஆட்டம். பக்கத்து ஊரான ஆலனில் பள்ளிக்கூட அணிக்காகக் கட்டிய ஸ்டேடியத்தில் 18,000 இருக்கைகள். 2012-இல் திறந்தபோது ஆன செலவு சுமார் 6 கோடி டாலர். அந்த ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்துக்குள் இறங்கி ஆடும் பெண்கள்தான் டிரில் டீம்.

சியர்லீடருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரே ஆட்டத்துக்குத்தான் இருவரும் வருகிறார்கள். ஆனால் சியர்லீடர்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்று கூட்டத்தைக் கத்தவைப்பார்கள், ஒருத்தியை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். டிரில் டீம் கூட்டத்தைப் பார்த்துக் கத்துவதில்லை. கேலரியில் நேர்வரிசையாக, முதுகு சாயாமல், கணுக்கால் மேல் கணுக்கால் போட்டு உட்கார்ந்திருக்கும். பாண்டு வாசித்தால் எழுந்து இருந்த இடத்திலேயே கையசைத்து ஆடும். முதல் பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எழுந்து, வரிசை குலையாமல் இறங்கிப் போகும். மூன்று நிமிட ஆட்டம். வந்த ஒழுங்கிலேயே திரும்பி வரும். அந்த மூன்று நிமிடத்துக்குத்தான் வாரம் முழுக்கக் காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு கார் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது.

இதையெல்லாம் யார் தொடங்கிவைத்தது என்று தேடிப் போனால் அது எங்கள் கவுண்டியிலேயே வந்து நிற்கிறது. கஸ்ஸி நெல் டேவிஸ். 1906-இல் இங்கே ஃபார்மர்ஸ்வில்லில் பிறந்தவர். பியானோ கச்சேரிக் கலைஞராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர், விளையாட்டு ஆசிரியையாகி கிரீன்வில் உயர்நிலைப் பள்ளிக்கு வேலைக்குப் போனார். அங்கே ஃபுட்பால் ஆட்டத்தில் கத்திக்கொண்டிருந்த பெண்களை டிரம்முக்கும் பாட்டுக்கும் அடியெடுத்து வைக்கப் பழக்கினார். 'ஃப்ளேமிங் ஃப்ளாஷஸ்' என்ற அந்த அணிதான் டெக்சாஸ் பள்ளி டிரில் டீம்களின் முன்னோடி என்பது கிரீன்வில்காரர்கள் கட்சி. தெற்கே மெக்சிகோ எல்லைப் பக்கம் எடின்பர்க் ஊர்க்காரர்களுக்கு இது சம்மதமில்லை. முதல் அணி தங்களுடையது என்பார்கள். நான் இதில் தலையிடுவதாக இல்லை.

நாடு முழுக்கப் பேரெடுத்தது டேவிஸ் அடுத்துப் போன இடத்தில். கிழக்கு டெக்சாஸில் கில்கோர் என்ற எண்ணெய்க் கிணற்று ஊர். 1930-இல் அங்கே எண்ணெய் கிடைத்து, ஊருக்குள்ளேயே வீட்டுக்கு வீடு கிணறு தோண்டினார்கள். ஐந்தாறு வருடத்தில் ஒரு கல்லூரியும் வந்தது. அந்தக் கல்லூரியின் டீன் மாஸ்டர்ஸுக்கு இரண்டு கவலை. ஒன்று, கல்லூரிக்குப் பெண்கள் போதுமான அளவு வரவில்லை. இன்னொன்று, ஆட்டத்தின் இடைவேளையில் ஆண்கள் கேலரிக்குக் கீழே போய்ச் சாராயம் குடித்துவிட்டு வந்து சண்டை போட்டார்கள். ஆட்களை இருக்கையை விட்டு எழவிடாத ஏதாவது ஒன்று வேண்டும் என்று டேவிஸை அழைத்தார். 1940 செப்டம்பரில் 'ரேஞ்சரெட்ஸ்' முதல்முறை மைதானத்தில் இறங்கினார்கள். வெள்ளைத் தொப்பி, சிவப்புச் சட்டை, நீலப் பாவாடை, பூட்ஸ். குடிகாரர்களை உட்காரவைக்கக் கண்டுபிடித்த உபாயம் 80 வருடங்களுக்கு மேலாக டெக்சாஸ் பெண் பிள்ளைகளைக் காலையில் எழுப்பிக்கொண்டிருக்கிறது. டேவிஸ் 1979 வரை அங்கேயே இருந்தார். அவரிடம் பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் மாநிலமெங்கும் பள்ளி அணிகளுக்கு டைரக்டராகப் போனார்கள். இன்றும் எந்தப் பள்ளி அணியைப் பார்த்தாலும் தொப்பி, பூட்ஸ், பெல்ட் எல்லாம் அந்தச் சாயல்தான். நிறம் மட்டும் அந்தந்தப் பள்ளியுடையது.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். டிரில் டீம் ஜாஸ் ஆடும், கையில் குஞ்சம் பிடித்து 'பாம்' ஆடும், ஹிப்ஹாப் ஆடும். ஆனால் அதன் உயிர் கிக். அறுபது பேர் ஒரே வரிசையாகக் கை கோத்து நின்று காலைத் தூக்குவது.

கை கோப்பதிலேயே பாதி வித்தை. பக்கத்தில் நிற்பவளின் தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோக வேண்டும், ஆனால் பிடிக்கக் கூடாது. விரல் நுனி பட்டும் படாமல் இருக்கவேண்டும். களைத்துப் போய் ஒருத்தி கொஞ்சம் பாரத்தைச் சாய்த்துவிட்டால் அடுத்தவள் தடுமாறுவாள், அவளால் அதற்கடுத்தவள். கேலரியின் உச்சியில் உட்கார்ந்து பார்க்கும் எங்களுக்கு எங்கே தொடங்கியது என்று தெரியாது, வரிசையில் ஒரு நெளிவு ஓடுவது மட்டும் தெரியும். உள்ளே நிற்பவர்களுக்கு எந்தத் தோளிலிருந்து வந்தது என்று நன்றாகத் தெரியும்.

பிறகு கால். நிற்கும் கால் முட்டி மடங்கக் கூடாது. தூக்கும் கால் பாதம் நீண்டிருக்கவேண்டும். நெஞ்சு நிமிர்ந்தே இருக்கவேண்டும். பயிற்சியில் திரும்பத் திரும்பக் கேட்கும் கட்டளை: கால் முகத்துக்கு வரணும், முகம் காலுக்குப் போகக் கூடாது. தூக்குவதைவிட இறக்குவதுதான் கஷ்டம் என்று மகள் சொல்வாள். தொப்பென்று விழவிட்டால் எல்லாக் காலும் வேறு வேறு நேரத்தில் தரையைத் தொடும். இறக்குவதற்கும் எண்ணிக்கை உண்டு. இதெல்லாம் முடிந்து கடைசியில் 'ஜம்ப் ஸ்ப்ளிட்': எம்பிக் குதித்து, இரண்டு கால்களும் முன்னும் பின்னும் விரிந்தபடி நேராகத் தரையில் உட்காருவது. டாலஸ் கவ்பாய்ஸ் ஃபுட்பால் அணியின் சியர்லீடர்களைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரைப் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். இங்கே அதைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் சாதாரணமாகச் செய்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது என் வாயிலிருந்து வந்த 'ஐயோ' முன்வரிசை வரை கேட்டிருக்கும்.

ஆனால் என்னை ரொம்ப நாள் யோசிக்கவைத்தது உயரம். எங்கள் மகளுக்குக் கால் தலைக்கு மேலே போகும். எட்டு வயதிலிருந்து நாட்டியம் ஆடிய உடம்பு. சேர்ந்த புதிதில் அவளை நிறுத்திவைத்து, "தொப்பி விளிம்போடு நிறுத்து" என்று சொல்லியிருக்கிறார் டைரக்டர். உதைக்க முடிகிற உயரம் இல்லை, எல்லாரும் உதைக்கிற உயரம். குறைவாகப் போகிறவள் ஏற்றவேண்டும், அதிகமாகப் போகிறவள் இறக்கவேண்டும். வீட்டுக்கு வந்து புலம்பினாள். நானும் சேர்ந்து புலம்பினேன். நன்றாகச் செய்கிற பிள்ளையைக் குறைத்துச் செய் என்று சொல்லும் ஒரு கலையை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

நாம் வளர்ந்த விதம் அப்படி. பரதநாட்டியம் என்றால் அரங்கேற்றம். ஒரு பெண், ஒரு மேடை, இரண்டரை மணி நேரம். பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் எல்லாம் அவள் ஒருத்திக்காக. டெக்சாஸில் ஒரு அரங்கேற்றம் நடத்த ஆகும் பணத்தில் ஊரில் ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம். பின்னால் ஆளுயரப் படம், முன்னால் முந்நூறு விருந்தினர், கடைசியில் பெற்றோர் மேடையேறி நாத்தழுதழுக்க ஒரு பேச்சு. நான் குறை சொல்லவில்லை, நாங்களும் இதையெல்லாம் செய்தவர்கள்தான். நம்முடைய கலையில் எல்லாம் ஒருத்தியைத் தனியாக நிறுத்திப் பார்ப்பதற்கான ஏற்பாடு. இங்கே அறுபது பேரில் ஒருத்தி கண்ணில் பட்டால் அவளிடம் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

போன வருடம் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். பேத்தி ஆட்டத்தைப் பார்க்க ஸ்வெட்டர், மங்கி கேப் சகிதம் கேலரியில் வந்து உட்கார்ந்தார். அணி மைதானத்தில் பரவி நின்றது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் தேடினார்.

"எல்லாம் ஒண்ணு போல இருக்கே. நம்ம பிள்ளை எதுடீ?"

"வலது பக்கம் கடைசியிலேருந்து ரெண்டாவது, ம்மா."

"முன்னாடி நிக்க வைக்க மாட்டாகளா? இம்புட்டுக் காசு கட்டுறோமுல்ல?"

பக்கத்தில் என் வீட்டுக்காரர் கேமராவில் ஜூம் வைத்து மும்முரமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பெரிய டிவியில் போட்டபோது அது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு வீடியோவை அனுப்பிவிட்டோம். அவர் பதிலுக்கு எங்கள் மகளின் வீடியோவை அனுப்பினார். அவர் வீட்டிலும் அதேதான் நடந்திருக்கிறது.

ஓரத்தில் நிற்பதற்குக் காரணம் உண்டு. வரிசையை உயரப்படி அடுக்குவார்கள், நெட்டையானவர்கள் நடுவில், குட்டையானவர்கள் இரண்டு ஓரத்திலும். தூரத்திலிருந்து பார்த்தால் தொப்பிகள் சீராக ஏறி இறங்கும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஓரம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், வரிசை முழுக்க ஒரு அச்சில் சுழலும்போது நடுவில் இருப்பவர்கள் நின்ற இடத்தில் காலை மாற்றி வைத்தால் போதும். ஓரத்தில் இருப்பவர்கள்தான் அதே நேரத்துக்குள் பெரிய வட்டத்தைக் கடக்கவேண்டும். குட்டைக் கால்களுக்கு நீள எட்டு. மூச்சு வாங்கும், முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது.

நடப்பதற்கே கணக்கு இருக்கிறது. மைதானத்தில் 5 கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அந்த 5 கஜத்தை 8 எட்டில் கடக்கவேண்டும். அப்படியென்றால் ஒரு எட்டு 22½ அங்குலம். தரையைப் பார்க்காமல், தலையைத் திருப்பாமல், ஓரக்கண்ணால் பக்கத்தில் இருப்பவளின் தோளைப் பார்த்தே வரிசையைச் சரிசெய்துகொள்ளவேண்டும். எட்டு என்ற எண் எங்கள் மகளுக்கு முதல் நாளிலேயே கைகொடுத்தது. ஆதி தாளத்தில் வளர்ந்தவளுக்கு எட்டெட்டாக எண்ணுவதை யாரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. அசைவை ஒருமுறை பார்த்ததும் சொல்கட்டாக மனதில் ஏற்றிக்கொள்கிறாள். குளிக்கும்போது தா தெய் தெய் தா என்று முணுமுணுப்பு கேட்டால் அது வர்ணமா, வெள்ளிக்கிழமை கிக்கா என்று எனக்குத் தெரிவதில்லை. அரைமண்டி மட்டும்தான் தொல்லை கொடுத்தது. பல வருடம் முட்டியை மடக்கி உட்காரப் பழகிய உடம்பு, நேராக நில் என்றால் சட்டென்று கேட்குமா? அதைவிட முகம். நாட்டியத்தில் நவரசத்தையும் காட்டு என்பார்கள். இங்கே ஒரே ஒரு ரசம், அது பல் தெரியும் ரசம்.

சேருவதற்கு மார்ச், ஏப்ரல் வாக்கில் ட்ரைஅவுட். இரண்டு மூன்று நாள் ஆட்டம் சொல்லித்தந்து, கடைசி நாள் நெஞ்சில் எண் குத்திக்கொண்டு வெளியாட்களான நடுவர்கள் முன்னால் சிறு சிறு குழுவாக ஆடவேண்டும். வலது ஸ்ப்ளிட், இடது ஸ்ப்ளிட் இரண்டும் இறங்கவேண்டும். முடிவு அன்று இரவே எண்களாக வெளியாகும். அந்த இரவில் எங்கள் தெருவில் சில வீடுகளில் கத்தலும் சில வீடுகளில் அழுகையும் கேட்கும். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நாங்கள் இப்படிக் காத்திருந்ததில்லை.

கோடையில் கேம்ப். ஆகஸ்ட்டில் பள்ளி திறப்பதற்கு முன்பே பயிற்சி. டெக்சாஸ் ஆகஸ்ட் என்றால் நம் அக்கினி நட்சத்திரம். ஃபுட்பால் பையன்களுக்குப் புல்தரை. இவர்களுக்குக் கார் நிறுத்துமிடத்தின் தார்த்தரையில் மைதானத்தைப் போலவே கோடு போட்டுக் கொடுத்திருப்பார்கள். பாண்டுக்காரர்கள் இன்னொரு பக்கம். காலை எட்டரைக்குள் தார் காலைச் சுட ஆரம்பித்துவிடும்.

நிர்வாகத்தில் ராணுவ வாடை இன்னும் போகவில்லை. கேப்டன், லெப்டினன்ட் என்று மூத்த மாணவிகளுக்குப் பதவி. சில பள்ளிகளில் கர்னல், மேஜர்கூட உண்டு. அவர்களுக்கு வேறு நிற உடை. டைரக்டர் கேட்டால் "எஸ் மேம்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. வீட்டில் நான் கேட்டால் தோளைக் குலுக்குகிற பெண், அங்கே எஸ் மேம். தாமதமாக வந்தால் டிமெரிட், அதாவது தண்டனைப் புள்ளி. சூயிங்கம் மென்றால் டிமெரிட். காதில் சின்னத் தோடு மறந்து இருந்துவிட்டால் டிமெரிட். யூனிஃபார்மில் சாப்பிட்டால் டிமெரிட். சேர்ந்துபோனால் மைதானத்தைச் சுற்றி ஓட்டமோ கூடுதல் கிக்கோ.

அணியில் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு வாரமும் ஆடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. புதிய ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் வாரநடுவில் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். மூவர் நால்வராக நின்று ஆடிக் காட்டவேண்டும். தேறாதவள் அந்த வெள்ளிக்கிழமை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கேலரியில் இருப்பாள், மைதானத்துக்குள் போகமாட்டாள். அணி ஆடும்போது தண்ணீர் பாட்டில்களோடு ஓரத்தில் நிற்பாள். இது எனக்குப் பிடிக்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையை ஊர் பார்க்க ஓரத்தில் நிறுத்துவது என்ன பாடம்? மகளிடம் சொன்னால், "வரிசையில தப்பா ஆடுறதவிட இது பரவாயில்லம்மா, அங்க தப்பு பண்ணா பக்கத்துல இருக்கவளுக்கும் அடிபடும்" என்கிறாள். ஜம்ப் ஸ்ப்ளிட்டில் ஒருத்தி அரை எண்ணிக்கை முந்தினால் பக்கத்துப் பெண்ணின் தோள் பிசகிவிடும் என்பது உண்மைதான். இருந்தாலும் அந்தத் தண்ணீர் பாட்டில் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை.

படிப்பைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள், தெரியும். இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1983-இல் பள்ளிக் கல்வியைச் சீர்திருத்த ஒரு குழு போட்டார்கள். தலைவர், பிற்பாடு அதிபர் தேர்தலில் நின்ற கோடீஸ்வரர் ராஸ் பெரோ. ஃபுட்பால் மோகத்தில் படிப்பு கெடுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார், டெக்சாஸில் அது லேசான காரியமில்லை. அதன் விளைவாக வந்ததுதான் 'நோ பாஸ், நோ ப்ளே'. சாதாரண வகுப்புப் பாடம் ஏதாவது ஒன்றில் 70-க்குக் கீழே போனால் எந்த அணியோடும் களமிறங்க முடியாது. முதலில் ஆறு வாரத் தடையாக இருந்ததை 1995-இல் மூன்று வாரமாகக் குறைத்தார்கள். ஃபுட்பால் நட்சத்திரமானாலும் கிக் லைன் ஓரத்து மாணவியானாலும் ஒரே விதி. அதோடு, பள்ளி நேரத்துக்கு வெளியே வாரநாட்களில் ஒரு செயல்பாட்டுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்கக் கூடாது என்றும் விதி உண்டு. அந்த எட்டு மணி நேரத்துக்குள் அடங்காதது வீட்டு வரவேற்பறையில் நடக்கும், அதைச் சட்டம் எண்ணுவதில்லை. டிரில் டீமில் இருந்தால் உடற்கல்விப் பாடத்துக்கான கிரெடிட் கிடைத்துவிடும், தனியாக எடுக்கவேண்டாம். கல்லூரித் தரத்து ஏ.பி. பாடங்களை அடுக்கிவைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது பெரிய சலுகை.

இனி தலைமுடி. இதைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு பதிவு எழுதலாம். எல்லோருக்கும் கழுத்தருகே தாழ்வான கொண்டை, ஒரு முடிகூட வெளியே தெரியக் கூடாது, மேலே தொப்பி. எங்கள் மகளுக்கு இடுப்புக்குக் கீழே முடி. பாட்டி தேய்த்து வளர்த்தது. கொண்டை போட்டால் தேங்காய் அளவுக்கு வரும், தொப்பி பின்பக்கம் எழும்பிக்கொண்டு நிற்கும். அறுபது தொப்பியில் ஒன்று மட்டும் வானத்தைப் பார்க்கும். யூடியூபில் எதுவும் உதவவில்லை. கடைசியில் என் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். முடியை இரண்டாகப் பிரித்து, தலையோடு ஒட்டி இரண்டு தட்டைப் பின்னல், அதைக் குறுக்காகச் சுற்றி, வலை போட்டு, ஊசி குத்தி. சலங்கைப் பூஜைக்கு ஜடை தைத்த அதே கை. இப்போது அணியில் அடர்ந்த முடியுள்ள பிள்ளைகள் மூன்று பேர், இரண்டு ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் உட்பட, வெள்ளிக்கிழமை பகலில் எங்கள் வீட்டு முறையில்தான் பின்னிக்கொள்கிறார்கள்.

டைட்ஸ் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. உடைப் பட்டியலில் 'தோல் நிறம்' என்று போட்டு ஒரு வெளிர் பழுப்பு நிறத்தைக் கொடுத்திருந்தார்கள். யாருடைய தோல்? இவள் போட்டால் கால் ஒரு நிறம், முகம் ஒரு நிறம். எல்லாரும் ஒன்றுபோல் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதி. அதே விதி எங்கள் பிள்ளையைத்தான் தனியாகக் காட்டியது. சில அம்மாக்கள் சேர்ந்து போய்ப் பேசினோம். சண்டையெல்லாம் இல்லை. அடுத்த பருவத்திலிருந்து அவரவர் நிறத்துக்கு ஏற்ற டைட்ஸ் என்று மாறியது. பல பள்ளிகளில் இப்போது அப்படித்தான். சிவப்பு லிப்ஸ்டிக் மட்டும் எல்லாருக்கும் ஒரே எண், அதில் கைவைக்க யாருக்கும் தைரியமில்லை.

ஆட்ட நாள் எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளி முடிந்ததும் வெள்ளைப் பூட்ஸுக்குப் பாலிஷ். தொப்பியை வைக்கத் தனியாக வட்டப்பெட்டி, அதன்மேல் அவரவர் பெயர். பேருந்தில் பிள்ளைகளைவிடப் பெட்டிகளுக்குத்தான் இடம் அதிகம். இடைவேளை ஆட்டம் முடிந்தால் மூன்றாவது கால்பகுதி முழுக்க இவர்களுக்கு விடுமுறை. யூனிஃபார்ம் மேல் ஜாக்கெட்டைப் போட்டு மூடிக்கொண்டு, தின்பண்டக் கடை வாசலில் முழு ஊறுகாய் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கவேண்டும். அப்போதுதான் அவரவர் குரல், அவரவர் சிரிப்பு எல்லாம் திரும்ப வரும். நான்காவது கால்பகுதி தொடங்கும்போது மறுபடி வரிசை.

செப்டம்பர், அக்டோபரில் பழைய மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங் வாரம். 'மம்' என்று ஒன்றை நெஞ்சில் குத்திக்கொண்டு வருவார்கள். அது நம்ம சாமந்திப்பூதான். ஒரு காலத்தில் நிஜப் பூ ஒன்றும் ரிப்பன் இரண்டும் இருந்ததாம். இப்போது செயற்கைப் பூ, முழங்கால் வரை தொங்கும் ரிப்பன், மணி, கரடிப் பொம்மை, விளக்கு வரை வந்துவிட்டது. கழுத்திலிருந்து கயிறு போட்டுத் தொங்கவிடவேண்டிய கனம். அதைக் கட்டிக்கொண்டு அன்று முழுக்க வகுப்பில் உட்காருகிறார்கள், கலகலவென்று மணிச் சத்தத்தோடு. இதைப் பார்த்தபிறகு நம்மூர் திருவிழா அலங்காரத்தை யாராவது அதிகப்படி என்றால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பணம். ஒளிக்காமல் சொல்கிறேன், முதல் வருடம் எங்களுக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆனது. பூட்ஸ், தொப்பிப் பெட்டி, வார்ம்அப் உடை, கேம்ப், போட்டி உடைகள். பெரிய யூனிஃபார்ம் பள்ளியுடையது, அதுவரை புண்ணியம். பெற்றோர் சங்கமான பூஸ்டர் கிளப் குக்கி மாவு விற்கும், கார் கழுவும். பணம் கொட்டுவது சிறுமிகள் கிளினிக்கில்தான். ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளைச் சனிக்கிழமை வரவழைத்து ஒரு சின்ன ஆட்டம் சொல்லித்தந்து, ஒரு வெள்ளிக்கிழமை மைதானத்தில் அணியோடு ஆடவிடுவார்கள். குழந்தைக்குக் கட்டணம், பார்க்க வரும் தாத்தா பாட்டிக்கு டிக்கெட். அதோடு, அந்தக் குழந்தைகள் அன்றைக்கே அடுத்த பத்து வருடத்துக்கு முடிவு செய்துவிடுகிறார்கள். என் சின்னவள் அப்படி விழுந்தவள்தான். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாராயிருந்தாலும் பெரிய வியாபாரி.

ஃபுட்பால் பருவம் முடிந்தால் ஓய்வு என்று நினைத்தால், ஜனவரியிலிருந்து போட்டிகள். வேறொரு பள்ளியின் கூடைப்பந்து அரங்கத்தில், சனிக்கிழமை விடியற்காலையிலிருந்து இரவு விருது வழங்கும் வரை. கிக், ஜாஸ், பாம், மிலிட்டரி என்று தனித்தனிப் பிரிவு. மிலிட்டரிதான் எனக்குப் பிடித்தது: கைகால் எல்லாம் கோணக் கோணமாக வெட்டி வெட்டி, நூல்பிடித்த மாதிரி. யூட்டா மாநிலப் பள்ளிகளிலும் இந்த மிலிட்டரி ஆட்டத்துக்கு மவுசு உண்டு. போட்டிகளைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன, பரிசுகள் தாராளம். எல்லா அணியும் ஏதாவது ஒரு கோப்பையோடு வீடு திரும்பும். அந்தக் கோப்பைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மே மாதத்தில் ஸ்ப்ரிங் ஷோ. அதில் அப்பாக்கள் ஒரு பாட்டுக்கு ஆடுவது பல பள்ளிகளில் வழக்கம். என் வீட்டுக்காரர் இரண்டு வாரம் ரகசியமாக ஒத்திகைக்குப் போய், கிக் லைனில் கை கோத்து நின்று, இடுப்பளவு தூக்கியதோடு தசை பிடித்துக்கொண்டு ஓரம் கட்டினார். மகளுக்கு அன்று ஏகப்பட்ட சந்தோஷம்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட், 1970-களின் தொடக்கத்தில் ரேஞ்சரெட்ஸைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அழகு வலியை அறியாது என்று பொருள்படும் தலைப்பு. அதில் தேர்வானவர்களின் எண்கள் எழுதிய பலகை மேலிருந்து இறங்கும்போது பெண்கள் கதறுவதைப் பார்த்தால் சந்தோஷக் கதறல் எது, ஏமாற்றம் எது என்று பிரிக்க முடியாது. அந்தக் காலத்தில் எடை பார்த்து ஆளைக் கழிப்பது வழக்கமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. எங்கள் அணியில் எல்லா உடல்வாகும் உண்டு. ஆனால் கண்ணாடிச் சுவர் முன்னால் ஒட்டிய உடையில் தினமும் நிற்கும் பிள்ளை தன்னையே எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்பதை எந்த டைரக்டரும் விதி போட்டுச் சரிசெய்ய முடியாது. சாப்பாட்டுத் தட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். அதேபோல் இடுப்பையும் தொடையின் பின்தசையையும். ஒரே காலில் எம்பி எம்பி உதைப்பதில் அங்கேதான் முதலில் அடி விழும். வலி என்றால் அன்றைக்கே சொல்லிவிடவேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி, அதற்கு டிமெரிட் வந்தாலும் சரி.

பள்ளிக்குப் பிறகு என்ன என்று கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றுமில்லை, அத்தோடு முடிந்தது. சிலர் கில்கோருக்குப் போவார்கள். டைலர் ஜூனியர் கல்லூரியில் 1947-இல் தொடங்கிய அபாச்சி பெல்ஸ் இருக்கிறது, டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1960-இலிருந்து ஸ்ட்ரட்டர்ஸ் இருக்கிறது. எங்கள் மகள் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்கிறாள். நாட்டியத்தை விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடர்கிறது. போன மாதம் குழுவாக ஒரு தில்லானா ஆடினார்கள். முடிந்ததும் டீச்சர் என்னிடம் வந்து, "இவ ஒருத்திதான் பக்கத்துல ஆடுறவளப் பாத்து ஆடுறா" என்றார். பாராட்டாகச் சொன்னாரா குறையாகச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பெண் இதில் சேரட்டுமா என்று இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சேரட்டும். ஆனால் ட்ரைஅவுட் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெற்றோர் கூட்டத்துக்குப் போய் முழு வருடச் செலவுப் பட்டியலைக் கையில் வாங்குங்கள், தவணை உண்டா என்று கேளுங்கள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்கு டிக்கெட் போடும் முன் போட்டிகளின் தேதியைப் பாருங்கள். ஸ்ப்ளிட்ஸை இப்போதே ஆரம்பியுங்கள், இடது பக்கம்தான் இறங்குவதற்கு மாதக்கணக்காகும். பாபி பின்களை மொத்தமாக வாங்கி வையுங்கள். அடர்ந்த முடி என்றால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், அம்மாவின் பின்னலை வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறேன்.